வழக்கறிஞர்கள் மீதான புகார்கள்: ஓராண்டுக் கெடு ஏட்டளவில் நிற்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கறிஞரின் பணியில் குறைபாடு நேர்ந்தால் அதற்காக நுகர்வோர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பளித்தது. அணுகலாம் என்று 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்ததை நீதிபதிகள் பெலா திரிவேதி, பங்கஜ் மித்தல் ஆகியோர் அடங்கிய அமர்வு ரத்து செய்தது. வழக்கறிஞர் தொழிலை வணிகத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதும், வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் கட்டளைக்கு உட்பட்டு அவர் சார்பில் செயல்படுபவர் என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகள். அந்தச் சட்டக் காரணங்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. அத்தீர்ப்புக்குப் பிறகு ஏமாற்றப்பட்ட கட்சிக்காரருக்கு என்ன மிச்சமிருக்கிறது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குற்றம் நடந்திருந்தால் காவல் நிலையம் போகலாம். கவனக்குறைவால் நட்டம் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். ஒரு வழக்கறிஞரை நம்பிக் கெட்டவர், இன்னொரு வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து, நீதிமன்றக் கட்டணமும் கட்டி, ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு நடப்பது எத்தனை பேரால் ஆகும்? ஆகவே நடைமுறையில் சாதாரண மனிதருக்கு எஞ்சியிருப்பது, வழக்கறிஞர்களைப் பதிவு செய்து அவர்கள் மீதான புகார்களையும் விசாரிக்கும் அமைப்பாகச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதும் புகார் ஒன்றுதான். அந்தப் புகார் சட்டம் சொல்லும் ஓராண்டுக் கெடுவுக்குள் விசாரிக்கப்படுகிறதா, அதன் முடிவு ஊருக்குத் தெரிகிறதா என்ற கேள்விகள் முன்பைவிட இப்போது பல மடங்கு முக்கியமாகிவிட்டன.

நான் மாவட்ட உரிமையியல் நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர்களோடு அன்றாடம் பழகியவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான வழக்கறிஞர்கள் கட்சிக்காரரின் வழக்கு ஆவணக் கட்டைத் தம் வீட்டுப் பத்திரம்போல் காப்பவர்கள். கட்டணம் கொடுக்க வழியில்லாதவருக்காக வாதாடி, நகல் மனுவுக்குத் தம் கைப்பணத்தைப் போட்டவர்களையும் நான் அறிவேன். ஒழுங்கு நடவடிக்கை சரியாக நடக்காவிட்டால் முதலில் பெயர் கெடுவது இவர்களுக்குத்தான்.

தவறு எந்த வடிவில் நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நீதிமன்றத்தில் கொடுக்கப்படும் பிராது, அதாவது வழக்கு மனு, உடனே எண் பெற்றுவிடுவதில்லை. முத்திரை சரியா, சொத்து விவரம் முழுமையா, ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளனவா என்று சரிபார்த்து, குறை இருந்தால் அவற்றைக் குறிப்பிட்டு, நிவர்த்தி செய்து மீண்டும் தாக்கல் செய்யும்படி தவணை கொடுத்துத் திருப்புவோம். வக்கீல் குமாஸ்தா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கட்டை வாங்கிச் செல்வார். அந்தக் கட்டு அலுவலக அலமாரியிலேயே கிடந்துவிட்டால் வழக்கு என்று ஒன்று உலகில் இல்லை. கட்சிக்காரருக்கோ வாய்தா சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை, கணவர் கடன் கொடுத்து வைத்திருந்த புரோநோட்டின் (கடன் உறுதிச் சீட்டின்) மீது வழக்குப் போட்டிருந்ததாக நம்பிய ஒரு அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குமாஸ்தா எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் ஒரு வழக்கு எண் இருந்தது. பதிவேட்டைப் புரட்டினால் அந்த எண் வேறு யாரோ அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினை வழக்குக்கு உரியது. இவருடைய பிராதோ திருப்பப்பட்டவற்றின் பதிவேட்டில் இருந்தது. எதிரே கட்டை வாங்கிச் சென்றதற்கான கையெழுத்தும் இருந்தது. மீண்டும் தாக்கலானதற்கான குறிப்பு எதுவும் இல்லை. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு. அது எப்போதோ முடிந்திருந்தது. அவர் பார் கவுன்சிலுக்கு எழுத விரும்பினார். அதே ஊரில் தொழில் செய்யும் ஒருவருக்கு எதிராகப் புகார் எழுதிக் கொடுக்க வேறு வழக்கறிஞர் முன்வரவில்லை. சென்னைக்கு யாரிடம் போவது என்றும் அவருக்குத் தெரியவில்லை. பணம் போனது போனதுதான்.

இதே போன்ற ஒரு வழக்கு தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்படுகிறது. காது கேளாத முதியவர் ஒருவரும் அவர் மனைவியும், மொத்தம் 20,000 ரூபாய்க்கான இரண்டு புரோநோட்டுகளை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, நீதிமன்றக் கட்டணத்துக்கும் அவருடைய ஊதியத்துக்கும் பணம் தந்திருந்தார்கள். வழக்குப் போடாமலேயே போட்டுவிட்டதாகச் சொல்லி வந்தார் அவர், காலவரம்பு கடந்தது. மாநில பார் கவுன்சில் அவரை ஆறு ஆண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில், 1979-இல் சட்ட இதழ்களில் வெளியான அந்தத் தீர்ப்பில், நீதிபதிகள் கிருஷ்ணய்யரும் தேசாயும் இன்னும் ஒரு படி சென்றார்கள்: தடைக்காலத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அந்த வழக்கறிஞர் தமிழ்நாட்டில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் கீழ்க் கட்டணமின்றி ஏழைகளுக்குப் பணியாற்ற வேண்டும், ஏமாந்தவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார்கள். தண்டனை என்பது அச்சுறுத்த மட்டுமன்று, திருத்தவும் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. மூன்றாவது நீதிபதியான ஏ.பி. சென் இதற்கு உடன்படவில்லை; கட்சிக்காரரின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்தவருக்குச் சலுகை காட்ட இடமில்லை என்று எழுதினார்.

நான் நீதிபதி சென் பக்கம்தான் நிற்பேன். அது என் தனிப்பட்ட கருத்து. கிருஷ்ணய்யர் அவர்களின் இரக்கத்தைக் குறைத்துச் சொல்வதாக ஆகாது. ஆனால் அந்த மூன்று கட்டத் தீர்ப்புகளில் எது சரி என்பதைவிட, மாநில பார் கவுன்சில் தன்னிடம் பதிவு பெற்ற வழக்கறிஞர் ஒருவருக்கு ஆறு ஆண்டுத் தடை விதிக்கும் துணிவை அன்று காட்டியது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏமாந்தவருக்கு ஒரு தொகை கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குச் சட்டம் கொடுத்திருப்பவை நான்கே அதிகாரங்கள்: புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கலாம். இவை போக, விசாரணைச் செலவுத்தொகை குறித்து உத்தரவிடலாம். இழப்பீடு வழங்க ஏற்பாடு இல்லை.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி, புகார் வந்தால், அல்லது புகார் வராமலேயே கூட, முறைகேடு நடந்திருப்பதாகக் கருத இடமிருந்தால், மாநில பார் கவுன்சில் அதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழுவில் மூன்று பேர். இருவர் பார் கவுன்சில் உறுப்பினர்கள், மூன்றாமவர் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளப்படும் அனுபவமுள்ள வழக்கறிஞர். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரங்கள் உண்டு. அதன் உத்தரவை எதிர்த்து 60 நாள்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து மேலும் 60 நாள்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். வெறும் கவனக்குறைவு இதற்குள் வராது. நேர்மையின்மை கலந்த முறைகேடு வேண்டும் என்பது நீதிமன்றங்கள் வகுத்த வரம்பு. ஏட்டில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

காலக்கெடுதான் இதில் நொண்டும் கால். புகார் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மாநில பார் கவுன்சில் அதை முடித்துவிட வேண்டும் என்கிறது 36-பி பிரிவு. முடிக்காவிட்டால் அது தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். கெடு தவறியதற்கு மாநிலக் குழு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. கட்டு டெல்லிக்குப் போய்விடும், அவ்வளவுதான். திருவாரூரிலோ தேனியிலோ இருக்கும் புகார்தாரர் தம் புகார் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடுவதற்குள் சாட்சிகள் மறந்துபோவார்கள், ஆவணங்கள் மக்கிப்போகும். இப்படிக் கட்டுகள் தேங்குவதைக் கண்டுதான் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாநில பார் கவுன்சில்கள் ஓராண்டுக்குள் புகார்களை முடித்தே தீர வேண்டும், இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிய புகார்களையும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறியது. விசாரணைக்கு ஆள் போதவில்லை என்றால் அனுபவமுள்ள வழக்கறிஞர்களையும் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்களையும் விசாரணை அலுவலர்களாகப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற வழியையும் அதே தீர்ப்பு காட்டியது. இம்மாநிலத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகளுக்குப் பஞ்சமில்லை. மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று மண்டலத்துக்கு ஒருவர் அமர்ந்து சாட்சியம் பதிவு செய்தால் புகார்தாரர் சென்னைக்கு அலைவதும் குறையும்.

கட்டைத் திருப்பித் தர மறுப்பது இன்னொரு பெரிய தொல்லை. கட்டணப் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வழக்கறிஞர் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை, அது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்க வழக்குப் போடட்டும், ஆவணத்தைப் பிணையாக வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். கால் நூற்றாண்டு ஆகியும் வழக்கறிஞரை மாற்ற நினைக்கும் கட்சிக்காரர், முந்தையவரிடம் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து வாங்க முடியாமல் அல்லாடுவதை நாள்தோறும் நீதிமன்ற வாசலில் காணலாம். கையெழுத்துக் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்திடமே அனுமதி கேட்கலாம் என்ற விதி இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதும் இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி தடை செய்யப்பட்டதே. கை கால் இழந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் சோறு போட வேண்டிய பணம் அது. இப்பேரம் வெளிப்படையாகவே நடக்கிறது. புகார் மட்டும் வருவதில்லை, ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் அதுதான் வழக்கம் போலும் என்று நம்பிவிடுகிறார். புகார் வராமலேயே நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இருப்பது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

புகார் வந்த பிறகு நடக்கும் சமரசங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டீஸ் போனதும் வழக்கறிஞர் தரப்பிலிருந்து யாராவது வந்து பேசுவார்கள். வாங்கிய பணத்தில் ஒரு பகுதி திரும்பும். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்படும். பாதிக்கப்பட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பணம் வேண்டும். ஆனால் புகார்தாரர் திரும்பப் பெற்றார் அல்லது சமரசமானார் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் விதியே சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கை இரண்டு பேருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் தகராறு அன்று. அடுத்து அந்த அலுவலகத்துக்கு நம்பி வரப்போகும் கட்சிக்காரருக்காகவும் நடக்கும் விசாரணை அது. இந்த விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் வாங்கிய பணத்தைப் புகார் வந்த பிறகு கொடுத்தால் போதும் என்ற நினைப்பு மாறும்.

இந்த இடத்தில் வழக்கறிஞர் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன். பொய்ப் புகார்களுக்கு என்ன பாதுகாப்பு? எதிர்தரப்பு வழக்கறிஞரை மிரட்டுவதற்காகவும், தோற்ற வழக்கின் ஆத்திரத்தாலும் எழுதப்படும் புகார்கள் உண்டு; அவை ஏராளம் என்பதையும் அறிவேன். நேர்மையான ஒருவர் மீது அப்படி ஒரு புகார் ஆறேழு ஆண்டுகள் தொங்கினால் அவர் நிலை என்ன? விரைந்த விசாரணை குற்றமற்றவருக்கும் பாதுகாப்புத்தான். முகாந்திரமே இல்லாத புகாரைத் தொடக்கத்திலேயே காரணம் எழுதித் தள்ளுபடி செய்யப் பார் கவுன்சிலுக்குத் தடை எதுவும் இல்லை.

வழக்கறிஞர்களின் சுயாட்சியைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1961-க்கு முன் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களிடம் இருந்தது. நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அகில இந்திய பார் குழு 1953-இல் அளித்த அறிக்கையை ஒட்டி வந்ததே இன்றைய ஏற்பாடு. நீதிமன்ற அவமதிப்பு வழக்கின் வழியாக ஒரு வழக்கறிஞரின் தொழில் உரிமத்தை உச்ச நீதிமன்றம்கூடப் பறிக்க முடியாது, அது பார் கவுன்சிலின் அதிகாரம் என்று 1998-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் விதிகளைத் திருத்தி, நீதிபதியின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குதல், நீதிமன்ற ஆவணங்களைத் திருத்துதல் போன்றவற்றுக்காக வழக்கறிஞர்களைத் தானே தடை செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோது, மாநிலம் முழுவதும் வழக்கறிஞர்கள் வீதிக்கு வந்தார்கள். 2019 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தங்களைச் செல்லாது என்று அறிவித்தது. அரசையும், தேவைப்பட்டால் நீதிபதியையும் எதிர்த்து அஞ்சாமல் வாதாட வேண்டியவரின் உரிமம் அவர்கள் கையில் இருக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். மத்திய அரசு முன்வைத்த திருத்த மசோதா வரைவில், இந்திய பார் கவுன்சிலுக்கு அரசு தன் ஆட்களை நியமிக்க இடம் இருந்ததை 2025 பிப்ரவரியில் வழக்கறிஞர்கள் எதிர்த்ததும், அரசு அதிலிருந்து பின்வாங்கியதும் சரியே.

ஆனால் நீதிமன்றமும் தலையிடக் கூடாது, அரசும் தலையிடக் கூடாது, நுகர்வோர் ஆணையமும் விசாரிக்கக் கூடாது என்று மூன்றிலும் வென்ற பிறகு, விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்தே ஆக வேண்டும் அல்லவா? பார் கவுன்சில் உறுப்பினர்கள் வழக்கறிஞர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். நாளை வாக்குக் கேட்டுச் செல்ல வேண்டிய சங்கத்தின் உறுப்பினர் மீது இன்று தீர்ப்புச் சொல்வது யாருக்கும் சங்கடமான காரியம்தான். இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்குத் தீர்ப்பாயத்தில் அமரும் மூவரில் ஒருவர் வழக்கறிஞர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதி. இங்கும் அத்தகைய ஒருவர், அரசு நியமிக்காத ஒருவர், குழுவில் அமர்ந்தால் என்ன குறைந்துவிடும்? அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிலவற்றை உடனே செய்யலாம்.

தடை விதிக்கப்பட்டவர்களின் பெயரும் தடைக்காலமும் ஒவ்வொரு மாவட்ட, வட்ட நீதிமன்ற அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தடையில் இருப்பவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராக முடியாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் கிராமத்துக்காரருக்கு அந்தத் தடை எப்படித் தெரியும்? புகாரை எந்தப் படிவத்தில், எத்தனை நகல்களோடு, என்ன கட்டணத்தோடு அனுப்ப வேண்டும் என்ற விவரத்தை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகங்களில் வைக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். நான் மேலே சொன்ன அம்மாளைப் போன்றவர்களுக்கு அந்த ஓர் உதவி போதும். வழக்கு உண்மையில் தாக்கலாகியிருக்கிறதா என்பதை இப்போது மின்னணு நீதிமன்ற இணையதளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு எவரும் பார்க்கலாம். வழக்குத் தாக்கலானதும் அந்த எண்ணைக் கட்சிக்காரருக்கு எழுத்து மூலம் தர வேண்டும் என்று பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், துண்டுச் சீட்டில் பொய் எண் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பெருமளவு நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முதலாக, ஓராண்டைத் தாண்டிய புகார்கள் இன்றைய தேதியில் எத்தனை நிலுவையில் உள்ளன, அவற்றில் எத்தனை டெல்லிக்கு மாற்றப்பட்டன, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேருக்கு என்ன தண்டனை விதிக்கப்பட்டது என்பதைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நிருபர்களும் இந்த விவரத்தைக் கேட்டுப் பெற்று வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.